வேப்பிலைக் கொத்தும் ஓர் ஊசியும்

மதுரையில் ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், அதற்கு விளக்கம் யாருக்கும் தேவையில்லை. பால்காரர் வாசலோடு நின்றுவிடுவார். அடுத்த வீட்டு மாமி, "யாருக்கு வார்த்திருக்கிறது?" என்று தெருவிலிருந்தே விசாரிப்பாள். உள்ளே தாளிக்கிற ஓசைகூடக் கேட்காது.

இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். நோயாளியைத் தனியே வைத்து, அந்நியரை வீட்டுக்குள் விடாமல் காத்தார்களே நம் பாட்டிமார்கள், அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணல்வாரி என்கிற தட்டம்மை விஷயத்தில் அந்த வேப்பிலைக்கு ஒரு குறை உண்டு. அது நான்கு நாள் தாமதமாக வருகிறது!

ஆம், சகோதரிகளே. உடம்பில் சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே இந்த நோய் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. அப்போது குழந்தைக்கு ஜுரம், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, அவ்வளவுதான். ஜலதோஷம் என்று எண்ணிப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிடுகிறோம். குழந்தை இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால், ஒன்பது பேரைப் பிடித்துக்கொள்ளும்.

"வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, எங்களுக்கெல்லாம் வரவில்லையா?" என்று கேட்கலாம். வந்து போனவர்கள்தான் இதைச் சொல்ல இருக்கிறார்கள்! நிமோனியா, ஓயாத வயிற்றுப்போக்கு, மூளைக் காய்ச்சல் என்று இது பல ரூபங்களில் உயிரைக் குடிக்கும். உயிரை விட்டால் கண்ணைப் பிடிக்கும். உடம்பிலுள்ள வைட்டமின் 'ஏ' சத்தை இது உறிஞ்சிவிடுவதால், போஷாக்கில்லாத குழந்தையின் கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடக்கூடும். 1970களின் தொடக்கத்தில் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, இந்தச் சத்துக் குறைவால் கண் இழக்கும் குழந்தைகளுக்கென்றே ஒரு போஷாக்கு நிலையம் ஏற்படுத்தினார். 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவர்தாம்.

வேப்பிலைக்கு முந்திக்கொண்டு வரக்கூடியது ஒன்றே ஒன்று: ஊசி.

2017-ல் நடந்தது

அந்த ஊசியைத்தான் 2017 பிப்ரவரியில் சர்க்கார் ஊரெங்கும் கொண்டுவந்தது. தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர் வரை தமிழ்நாட்டில் சுமார் 1 கோடியே 76 லட்சம் பேருக்குப் போடத் திட்டம். ஊசிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய வேலை மார்ச்சிலும் நீண்டது.

அந்தத் தாய்மார்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதை மறைப்பதால் யாருடைய பயமும் தீராது. அதன் பிறகு, கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும்படி தமிழ்நாட்டில் ஏற்பாடு மாற்றப்பட்டது.

ஆகவே பயப்படுங்கள், ஆனால் பயத்தோடு வீட்டில் உட்காராமல், போய்க் கேளுங்கள். "இந்தக் குப்பியை எப்போது கரைத்தீர்கள்?" என்று நர்ஸம்மாவிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் உபயோகிக்கக் கூடாது. ஊசி புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான ஜுரமோ தடிப்போ வரலாம், தானே அடங்கிவிடும்.

"தட்டம்மை சரி, ருபெல்லா எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. குழந்தைக்கு ருபெல்லா வந்தால் பெரிய தொந்தரவில்லை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் சிசுவுக்குக் காதும் இருதயமும் கண்ணும் பழுதாகலாம். 1990களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, கைக்குழந்தைகளின் கண்புரைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக இந்த ருபெல்லாவே தென்பட்டது. பெற்ற முகத்தைப் பார்க்க முடியாத குழந்தையைக் கையில் ஏந்தும் தாயை எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் ஊசி. பதினாறு மாதத்திலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் இரண்டாவது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லை. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள், முதல் ஊசியில் எதிர்ப்புச் சக்தி பிடிக்காத குழந்தைகள் சில உண்டு.

ஒருவேளை தட்டம்மை வந்தேவிட்டால், தனி அறை, தாராளமாகத் தண்ணீர், தாய்ப்பால், கஞ்சி, முடிந்த ஆகாரம். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். வைட்டமின் 'ஏ' மருந்தை டாக்டரிடம் கேட்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கச் செய்யுங்கள். மூச்சு வாங்கினாலோ, மயங்கினாலோ, கண் மங்கினாலோ, தலைக்குத் தண்ணீர் விடும் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வேப்பிலையைக் கட்ட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற கையோடு, தடுப்பூசி அட்டையையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். அதில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருக்கிறதா?