பொதுப் பள்ளியும் உடற்குறையுள்ள குழந்தைகளும்



1986-ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு சிறுவன் அமர்வான். சொல்வதெழுதுதல் வைத்தால் அவன் தாளில் பாதி வரிகள் இரா. கேள்வி கேட்டால் எழுந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மந்த புத்தியினன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். முந்தைய ஆண்டும் அவன் என் வகுப்பில் இருந்தவனே; தேர்ச்சியில்லை என அவனை நிறுத்தி வைத்தவனும் நானே.

ஒரு நாள் அவனுக்குப் பக்கத்திலிருந்த பையன் தயங்கித் தயங்கி எழுந்தான். “சார், நீங்க போர்டைப் பார்த்துப் பேசுனா இவனுக்குத் தெரியாது சார். எங்களைப் பார்த்துப் பேசுனாத்தான் தெரியும்” என்றான். செவிப்புலன் குன்றிய அச்சிறுவன் என் உதடுகளின் அசைவைக் கொண்டே பாடம் கற்று வந்திருக்கிறான். நானோ பாதி நேரம் கரும்பலகைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பயிற்சி பெற்ற ஆசிரியன் ஓராண்டுக்கு மேலாகக் காணாததைப் பதினொரு வயதுப் பாலகன் கண்டுவிட்டான்.

உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறையுள்ள குழந்தைகளை ஏனையோருடன் ஒரே பள்ளியில் வைத்துக் கற்பிப்பதை உள்ளடக்கிய கல்வி என்பர். இக்குழந்தைகளை இன்று நாம் மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். சொல் மாறியது நன்றே. சொல் மாறிய பின்னும் கடைசிப் பெஞ்சு மாறாத வகுப்புகளை நான் பார்த்ததுண்டு. நம் நாட்டில் கோத்தாரி கல்விக் குழு 1966-இல் அளித்த அறிக்கையிலேயே இக்குழந்தைகளை இயன்றவரை பொதுப் பள்ளிகளில் சேர்க்குமாறு கூறியது. 1994-இல் ஸ்பெயின் நாட்டுச் சாலமான்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகளும் அவ்வழியையே அறிவித்தனர்.

தனிப் பள்ளிகள் போதாவோ என நீங்கள் வினவலாம். ஏழை நாடுகளில் அவை பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. குழந்தைகளோ சிற்றூர்களில் இருக்கின்றனர். கூலி வேலை செய்யும் தாய் தன் பார்வையற்ற மகளை நெடுந்தொலைவிலுள்ள விடுதியில் விட்டு வரத் துணிவாளா? நடந்து சென்றடையக்கூடிய பள்ளி உள்ளூர்ப் பள்ளி ஒன்றே. அதன் கதவு அடைபட்டால் அக்குழந்தைக்குக் கல்வியே இல்லை.

இதற்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாடு நல்ல சான்று. 1997-இல் அந்நாட்டு அரசு ஒரு குடும்பத்திற்கு நான்கு குழந்தைகள் வரை கட்டணமின்றித் தொடக்கக் கல்வி அளிக்க முற்பட்டது. அந்நால்வரில் உடற்குறையுள்ள குழந்தைக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் விதித்தது. வீட்டில் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளையை முதற்பிள்ளையாக்கிய அவ்விதியை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. நால்வர் என்னும் வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. ஆயின், அதற்கு முன் ஏறத்தாழ 30 லட்சமாக இருந்த மாணவர் தொகை அந்த ஓராண்டிலேயே 50 லட்சத்தைக் கடந்தது. ஆசிரியர் ஒருவர், அவர்முன் நூறு குழந்தைகள் என்ற நிலை பல பள்ளிகளில் உண்டாயிற்று. அத்தகைய நெரிசலில், பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பில் தொலைந்துபோவோர் யார் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலின் சேர்ப்பது வேறு, கற்பிப்பது வேறு. கற்பித்தலிற் சில செயல்களுக்குக் காசு தேவையில்லை. ஆசிரியர் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் பின்னொளியில் அவர் முகம் இருண்டுவிடும். உதட்டைப் படிக்கும் குழந்தைக்கு அப்போது பாடமும் இருண்டுவிடும். இரண்டடி நகர்ந்து நின்றாற் போதும். எழுதும்போது பேசாமலும், பேசும்போது எழுதாமலும் இருத்தல் வேண்டும். பார்வை மங்கிய குழந்தையை முன்னே அமர்த்திப் பலகையில் எழுதுவதை உரக்கப் படித்தவாறே எழுதுதல் வேண்டும். ஒரே வகுப்பில் இவ்விருவரும் இருந்தால் என் செய்வது என்கிறீர்களா? எழுதி முடித்து, திரும்பி நின்று, பிறகு படித்துக் காட்டலாம்.

எல்லாம் காசின்றி ஆகிவிடும் என்று நான் சொல்லேன். சாய்தளம், பிரெயில் நூல், செவிக்கருவி, பயிற்சி பெற்ற துணையாசிரியர் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். கழிப்பறையை எவரும் எண்ணுவதில்லை. சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறையுள்ள பள்ளியில் ஒரு சிறுமி காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்தாமலே இருப்பாள்.

செவிகேளாதோரிடமிருந்து ஒரு மறுப்பு எழுகிறது. சைகைமொழி எங்கள் மொழி. அதைப் பேச எம்மவர் கூட்டம் வேண்டும். கேட்போர் நடுவே தனியே அமர்த்துவதும் ஒரு சிறையே என்கின்றனர். இதனை நான் மதிக்கிறேன். உகாண்டாவின் 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பு சைகைமொழி வளர்ச்சியைக் குறிப்பிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கை, பொதுக் கல்வியோடு சைகைமொழி கற்கும் உரிமையையும் சேர்த்தே கூறுகிறது. என் வகுப்புச் சிறுவனுக்குச் சைகைமொழி தெரிந்த தோழன் ஒருவனும் இல்லை. அது பற்றி அந்நாளில் நான் எண்ணியதுமில்லை.

மறுநாளே அவனை முன் பெஞ்சுக்கு மாற்றினேன். தன் பக்கத்துத் தோழனும் உடன் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டான், இருவரையும் மாற்றினேன். அவ்வாண்டு தேர்ச்சி பெற்றான். எட்டாம் வகுப்பை முடித்துச் சென்றான். அதற்கு முந்தைய ஆண்டின் தேர்ச்சிப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் நான் எழுதிய சொல் இன்னும் அப்படியே இருக்கும்.