250 கிராமுக்குள் ஒரு நெடுந்தூர ட்ரோன்: பழவேற்காட்டு அண்ணன் கேட்ட கேள்வி

பழவேற்காட்டுக்கு நான் முதல்முதலாகப் போனது பூநாரை பார்க்கத்தான். அதுக்கப்புறம் போனதெல்லாம் கோட்டைக்குப்பத்தில் பழக்கமான ஒரு அண்ணனுக்காக. ஏரியில் இறால், நண்டு பிடிப்பவர். ஒரு நாள் என் போனில் இருந்த எஃப்.பி.வி. ட்ரோன் வீடியோக்களைக் காட்டிக்கிட்டிருந்தேன். கண்ணாடி மாதிரி திரையை மாட்டிக்கிட்டு, ட்ரோனுக்கு உள்ளேயே உக்காந்து ஓட்டுற மாதிரி பறக்க விடுவது. அவர் மலையையும் அருவியையும் பெருசா எடுத்துக்கல. கேட்டது ஒண்ணுதான்.

"தம்பி, இத மேல அனுப்பி முகத்துவாரத்துல மணல் எங்க ஏறியிருக்குன்னு பாக்க முடியுமா?"

அந்தக் கேள்வியில் இருந்துதான் நான் கட்டின ட்ரோன் வந்தது. அதன் கணக்குகளை இங்கே எழுதி வைக்கிறேன். கடைசியில் அண்ணனுக்குப் பதில் கிடைச்சது வேற இடத்தில் இருந்து. அதையும் சொல்றேன்.

முகத்துவாரம் ஏன் முக்கியம்

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். பெரும்பாலான இடங்களில் ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான். இந்த ஏரி மூச்சு விடுறது கடலோடு சேரும் முகத்துவாரம் வழியா. ஓதம் ஏறும்போது கடல்நீரும், அதோட இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். கோடையில் ஆற்றுத் தண்ணி குறைஞ்சதும் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்க ஆரம்பிக்கும். வாய் சுருங்கினா ஏரித் தண்ணியில் உப்பு ஏறும், குஞ்சு வரத்து குறையும், கடலுக்குப் போற படகு தரை தட்டும்.

முகத்துவாரத்தை ஒட்டின இடங்களில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்கள் 'பாடு' என்ற பழைய முறைப்படி தீர்மானிக்கின்றன. சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். உங்க முறை வரும் நாளில் வாய் அடைஞ்சு கிடந்தா அந்த நாள் போச்சு. அண்ணன் கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை.

எடைதான் எல்லாமே

பந்தயத்துக்குப் பறக்க விடும் 5 இஞ்ச் ட்ரோன் பேட்டரியோடு 650, 700 கிராம் வரும். நாலஞ்சு நிமிஷம் அடிச்சு ஓட்டினா இறங்கிடும். எனக்கு வேணும்னு நினைச்சது அரைமணி நேரம். அதோட 250 கிராமுக்குள் இருக்கணும். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரைக்கும் 'நானோ' வகை. அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் 'மைக்ரோ'.

ஒரே இடத்தில் மிதந்து நிற்கத் தேவையான சக்தி, எடையோட நேர்விகிதத்தில் ஏறாது. ஒன்றரை மடங்கு அடுக்கில் ஏறும். எடை 10 சதவீதம் கூடினா சக்தி 15 சதவீதம் கூடும். மறுபக்கம், இறக்கை சுழலும் வட்டம் பெருசாக ஆக சக்தி குறையும். நிறையக் காற்றை மெதுவா தள்ளுறது, கொஞ்சக் காற்றை வேகமா தள்ளுறதை விட மலிவு. துடுப்பு அகலமா இருந்தா படகு சுலபமா நகரும் இல்லையா, அதே கதைதான்.

அப்படின்னா 5 இஞ்ச் இறக்கையே போடலாமே? போடலாம். ஆனா சட்டம் நீளும், மோட்டார் பெருசாகும், 250 தாண்டிடும். 3 இஞ்ச் போட்டா அதே எடையைத் தூக்க 4 இஞ்சை விட மூணில் ஒரு பங்கு சக்தி கூடக் கேட்கும். அதனால 4 இஞ்ச், அதுவும் இரண்டு இலை. மூணு இலை இறக்கை வளைவுகளில் நல்லாப் பிடிக்கும். ஆனா நேராப் போறதுக்கு இரண்டு இலைதான் சிக்கனம்.

பேட்டரியில்தான் பெரிய லாபம். 4 செல் 850 மில்லி ஆம்பியர் லித்தியம் பாலிமர் பேட்டரி ஏறக்குறைய 100 கிராம். அதில் இருக்கிறது 12.6 வாட்-மணி. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சா உள்ளே இருக்குமே, அதே 18650 அளவு உருளை செல், 3000 மில்லி ஆம்பியரில் இரண்டு எடுத்துத் தொடரா இணைச்சா அதே 100 கிராமில் 21.6 வாட்-மணி. ஒரு குறை இருக்கு: லித்தியம் அயன் செல் திடீர்னு அதிக மின்னோட்டம் கொடுக்காது. த்ராட்டிலை ஒரே அடியா ஏத்தினா மின்னழுத்தம் தொங்கிடும். குட்டிக்கரணம் போட முடியாது. நமக்கு அது தேவையும் இல்லை.

என் எடைச் சீட்டு இது. செல்லும் வயரும் 100 கிராம். கார்பன் சட்டம் 36. 1404 அளவு மோட்டார் நாலும் 37. இறக்கை நாலும் 7. மோட்டார் கட்டுப்பாட்டோடு சேர்ந்த ஃப்ளைட் கன்ட்ரோலர் 9. கேமரா 5, வீடியோ டிரான்ஸ்மிட்டர் 5, ஆன்டெனாக்கள் 3, ரிசீவர் 2, ஜி.பி.எஸ். 6. திருகு, கனெக்டர், ஒட்டுநாடா 12. மொத்தம் 222.

மீதி 28 கிராம். எல்லாரும் அங்கே ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமரா வைப்பாங்க. நானும் அப்படித்தான் வரைஞ்சு வச்சிருந்தேன். அண்ணன்கிட்ட காட்டினப்போ அவர் பார்த்த முதல் விஷயம்: "இதுல மிதவை எங்க?"

வலையில் மிதவை இல்லைன்னா வலை போயிடும். தண்ணி மேல வேலை செய்யும் எதுக்கும் மிதவை வேணும். இது எனக்குத் தோணவே இல்லை. கணக்குப் போட்டேன். பாகங்களே 90 கன சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணியைத் தள்ளும். இன்னும் 140 வேணும், பாதுகாப்புக்கு 200 வச்சுக்கலாம். அடர்த்தி குறைஞ்ச நுரைப்பலகையில் 200 கன சென்டிமீட்டர் வெறும் 6 கிராம்! கைகளுக்கு அடியில் ஒட்டினா இறக்கைக் காற்றை மறைக்கும் என்பதால் நடு உடம்புக்குக் கீழே கட்டினேன். தனி பேட்டரியில் கத்தும் பஸ்ஸர் 5 கிராம். ஆக 233. மீதி 17 கிராமைத் தொடவே இல்லை.

233 கிராமுக்கு, இறக்கை மோட்டார் இழப்பெல்லாம் சேர்த்து மிதக்க 28 வாட், மின்னணுவுக்கு 6 வாட், மொத்தம் 34. பேட்டரியில் 85 சதவீதம்தான் தொடுவேன், அதாவது 18.4 வாட்-மணி. வகுத்தா 32 நிமிஷம். இது தாளில். வயலில் எனக்குக் கிடைச்சது 25 நிமிஷம் பக்கம். காற்று தாளில் அடிக்கிறதில்லை.

காற்றுதான் எஜமான்

தொலைதூர ட்ரோன்னு சொன்னா எல்லாரும் ரேடியோவைப் பத்திப் பேசுவாங்க. ரேடியோ இன்னைக்குப் பெரிய சிக்கல் இல்லை. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாதிரி திறந்த மூல இணைப்பு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட்டில், தடையில்லாத வெளியில் 5 கிலோமீட்டருக்கும் தாராளமா எட்டும். முதல்ல கைவிடுறது 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோதான். நீர்ப்பரப்பில் இன்னொரு தொல்லை: தட்டையான தண்ணியில் பட்டுத் திரும்பும் அலையும் நேரா வரும் அலையும் சில இடங்களில் ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். அதனால தாழப் பறந்தா படம் விட்டு விட்டு வரும்.

உண்மையான எல்லையைப் போடுறது காற்று. ட்ரோன் வேகம் நொடிக்கு 12 மீட்டர், கடல்காற்று 6 மீட்டர்னு வைப்போம். காற்றோடு போனா 18, எதிர்த்து வந்தா 6. போன நேரத்தைப் போல மூணு மடங்கு திரும்ப வரணும். 20 நிமிஷம் கையில் இருந்து, "பாதி நேரம் போறேன், பாதி நேரம் வரேன்"னு 10 நிமிஷம் காற்றோடு போயிட்டீங்கன்னா 10.8 கிலோமீட்டர் தள்ளி நிப்பீங்க. வீடு 30 நிமிஷ தூரம். முடிஞ்சது கதை. காற்றில்லாத நாளில் 7.2 கிலோமீட்டர் போய் வரக்கூடிய அதே ட்ரோன், இந்தக் காற்றில் 5.4 தான் போய் வர முடியும்.

முதல்ல எதிர்காற்றில் போனா? அந்த 5.4 மாறாது. ஆனா தப்புக் கணக்கு போட்டாலும் காற்று உங்களை வீட்டுப் பக்கம்தான் தள்ளும். இதை அண்ணன்கிட்ட பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். சிரிச்சார். பாய் கட்டின காலத்தில் விடியுமுன்னே கரைக்காற்றில் கடலுக்குப் போய், மதியம் கடல்காற்றில் கரைக்கு வந்தவங்க அவங்க தாத்தாமார். திரும்பி வர்ற காற்றை முதல்ல பார்த்துட்டுத்தான் போற காற்றில் ஏறினாங்க.

ஜி.பி.எஸ். மீட்பு வசதியை நம்பி இந்தக் கணக்கை விட்டுடக் கூடாது. திசைகாட்டி இல்லாத சின்ன ட்ரோன், தான் நகரும் திசையை வச்சுத்தான் முகம் எந்தப் பக்கம்னு ஊகிக்கும். எதிர்காற்று அதைப் பின்னாலேயே தள்ளினா, பின்பக்கத்தை முன்பக்கம்னு நினைச்சுக்கும். அப்புறம் வீடு வர்றேன்னு கடலுக்குள்ளே போகும்.

ஏரி மேல பறக்க விட்டேனா?

இல்லை. இதைக் கடைசியில் பார்த்தேன்; முதல்லயே பார்த்திருக்கணும்.

2021 விதிகள்படி பொழுதுபோக்குக்கும் ஆய்வுக்கும் பறக்க விடும் மாதிரி ட்ரோன், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இருக்கணும். நான் கண்ணாடி மாட்டியிருந்தா பக்கத்தில் ஒருத்தர் வெறுங்கண்ணால் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். 233 கிராம் ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே புள்ளியாகி மறைஞ்சிடும். பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர் உயரம்தான். பழவேற்காட்டிலோ ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம், இந்தப் பக்கம் பறவைகள் சரணாலயம். அனுமதி இல்லாம அங்கே எதையும் ஏத்தக் கூடாது. ஏத்தினா பூநாரைக் கூட்டம் மொத்தமா எழும்பிப் பறக்கும். அவ்வளவு தூரம் வந்து இரை தேடுற பறவையைச் சும்மா விரட்டுறது பாவம்.

அண்ணன் இன்னொண்ணு சொன்னார். "மேலருந்து எடுத்தா யார் பாட்டுல யார் வலை கிடக்குதுன்னும் தெரியும் தம்பி. அது ஊர்ல பேசிட்டுச் செய்ய வேண்டியது." விதிப் புத்தகத்தில் இல்லாத விதி இது. என் எடைச் சீட்டிலும் இல்லை.

அதனால ட்ரோனை ஊர்ல, வரைபடத்தில் பச்சையா இருந்த அறுவடை முடிஞ்ச வயல் மேல, தம்பியைப் பக்கத்தில் நிறுத்திட்டுப் பறக்க விட்டேன். தூரத்துக்குன்னு கட்டினதை நேரத்துக்குப் பயன்படுத்தினேன். 300 மீட்டருக்குள்ளேயே 25 நிமிஷம் நிதானமா நின்னு பார்க்கலாம். அதுவே பெரிய வசதி.

முகத்துவாரத்துக்குப் பதில் இன்னும் மேலே இருந்து வந்தது. ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்குது. யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். ஆனா வாய் அடைக்கும் கோடையில் வானம் பெரும்பாலும் தெளிவு. ஒரு கோடையின் படங்களை வரிசையா அடுக்கி அண்ணன் போனுக்கு அனுப்பினேன். மணல் நாக்கு நீண்டு வாய் குறுகுவது அதில் தெரிஞ்சது.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எங்க இருக்குன்னு காட்டுது. ஆழம் எவ்ளோன்னு காட்டுமா?"

கலங்கின தண்ணியில் காட்டாது. அதுக்கு அவர் கழியை ஊன்றித்தான் பார்க்கணும். இப்போ நாங்க பண்றது இதுதான்: புதுப் படம் வந்தா நான் அனுப்புவேன், வாயைக் கடக்கும்போது கழியில் பார்த்த ஆழத்தை அவர் போனில் சொல்வார், நான் தேதியோட குறிச்சு வைப்பேன். ஒரு கோடைக்கு உண்டான குறிப்பு சேர்ந்ததும் ஊர்ல காட்டிப் பேசலாம்னு இருக்கோம். முறையா அனுமதி வாங்கி மேலருந்து ஒருமுறை பார்க்கணுமா, வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். சொன்னா, மிதவையோட 233 கிராம் தயாரா இருக்கு.