பத்தாவில் கற்ற ஒரு சொல்

சவூதி அரேபியாவின் தலைநகரான றியாத்தில் வெள்ளிக்கிழமை மாலை எம்மவர் ஒருவரைத் தேட வேண்டுமாயின், அவரது முகவரி தேவையில்லை. பத்தாவுக்குச் சென்றாற் போதும். பழைய நகரின் நடுவே தெற்கு வடக்காகக் கிடக்கும் அந்தக் கடைத்தெருவில் ஒரு மூலை மலையாளிகளுக்கு, ஒரு மூலை வங்காளிகளுக்கு, இன்னொரு மூலை பிலிப்பினோக்களுக்கு என யாரும் எழுதிவைக்காத எல்லைகள் உண்டு. தமிழர் எல்லா மூலைகளிலும் நிற்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புவோர், கைத்தொலைபேசி திருத்துவோர், ஒன்றும் வாங்காமல் ஊர்க்கதை கதைப்பதற்காகவே வந்தோர் எனத் தலைகள் நிரம்பி வழியும்.

பத்தா என்பதற்கு அரபு மொழியில் மணலும் பரலும் பரந்த ஆற்றுப்படுகை என்று பொருள். மழை பெய்தால் மட்டும் நீரோடிய ஒரு படுகையின் மேல்தான் இந்தத் தெரு எழுந்தது. எமது வழுக்கையாற்றை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1902ஆம் ஆண்டு அப்துல் அஸீஸ் கைப்பற்றிய மஸ்மக் கோட்டை இங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ தொடருந்தின் நீலத்தடம் பத்தாவின் ஊடாகவே செல்கின்றது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான்கு வாரங்கள் நாம் இங்கு தங்கியிருந்தோம். பணிக்காக அன்று, அரபு கற்பதற்காக. ஜேர்மனியில் வாழும் தமிழர் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அரபு கற்பது ஏன் என்று பலர் கேட்டனர். அதற்கான பதில் சற்று நீளமானது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்ளின் விமான நிலையத்தில் இறங்கி, நகரத் தொடருந்தில் ஏறி மேற்கு பேர்ளினுக்குள் நுழைந்த தமிழ் அகதிகளின் கதை எமது வாசகர்களுக்குப் புதியதன்று. அவ்வாறு வந்த குடும்பமொன்றின் பிள்ளை நாம். 2015ஆம் ஆண்டு சிரிய அகதிகள் பெருந்தொகையாக வந்தபோது, நாம் வாழும் நகரின் விளையாட்டு மண்டபத்தில் படுக்கைகள் வரிசையாக இடப்பட்டதைக் கண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய படுக்கையொன்றில் எமது தாயார் அமர்ந்திருந்த விதம் நினைவுக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே மாலைநேரக் கல்லூரியில் அரபு வகுப்பில் சேர்ந்தோம். சில ஆண்டுகளில் அகதிகளுக்கான ஆலோசனை நிலையமொன்றில் தொண்டராக அமர்ந்து சிறிய அளவில் மொழிபெயர்க்கவும் தொடங்கினோம். துணிச்சல்தான். இப்போது எண்ணிப் பார்க்கையில் அதனைத் துணிச்சல் என்பதிலும் அவசரம் என்பதே பொருந்தும்.

2019 செப்டெம்பரில் சவூதி அரசு ஐரோப்பியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா வழங்கத் தொடங்கியிருந்தமையால் பயணம் கடினமாக இருக்கவில்லை. பத்தாவில் எமது பெரியம்மாவின் மகன் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு உழைப்பவர். அவரது அறையில் ஐவர்; நாம் ஆறாமவர். நகரில் முறையான கல்வி நிலையங்கள் இல்லாமலில்லை. மன்னர் சவூத் பல்கலைக்கழகம் பிறமொழியாளருக்கு நெடுங்காலமாக அரபு கற்பித்து வருகின்றது. 2020இல் அரபு மொழிக்கென மன்னர் சல்மான் பெயரில் ஓர் உலகக் கழகமும் அமைக்கப்பட்டது. ஆயினும் நான்கு வார விடுமுறையில் வந்தவருக்கு அவற்றின் வாசல்கள் ஏற்றவையல்ல. அண்ணர் தமக்கு அறிமுகமான சூடானிய முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். முன்பு பாடசாலை ஆசிரியர். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்ட பின்னர் மகனிடம் வந்து சேர்ந்தவர்; ஆகவே அவரும் எம்மைப் போன்றவரே.

எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றோம். அவர் முகம் மலர்ந்தது. “சரந்தீப்! ஒறாபி பாஷாவை அனுப்பிய இடம்” என்றார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹமத் ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் தோன்றியமைக்கு அவர் தந்த ஊக்கமும் ஒரு காரணம். அக்காலத்தில் கண்டியில் சித்திலெப்பை தமிழில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். எமது மண்ணும் ஒருகாலத்தில் அரபு அகதி ஒருவருக்கு இடம் கொடுத்தது என்பதை ஒரு சூடானியர் சொல்லித்தான் நாம் எண்ணிப் பார்த்தோம்.

முதல் வாரம் முழுவதும் ஒலிகளிலேயே கழிந்தது. இதயத்துக்கும் நாய்க்கும் அரபு மொழியில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’ என்றே அமையும். முன்னதன் ககரம் அடித்தொண்டையில் பிறப்பது. “என் இதயம் மகிழ்கின்றது” என்று நாம் சொன்னதைக் கேட்டு ஆசிரியர், உமது நாய் நலமாக இருப்பது நல்லதுதான் என்றார். றியாத் மக்களோ அந்தத் தொண்டைக் ககரத்தைச் ‘சங்கு’ என்பதில் வரும் ககரம் போல ஒலிக்கின்றனர். புத்தகத்தைப் படித்து வந்தவருக்கு அதுவும் உதவாது.

ஓர் எழுத்து மட்டும் எமக்கு ஆறுதல் தந்தது. அரபு மக்கள் தமது மொழியை ‘ளாத்’ என்ற எழுத்தின் மொழி எனப் பெருமையோடு அழைக்கின்றனர். பிறருக்கு அது நாவில் வராது என்பது அவர்களது எண்ணம். நாம் ழகரத்தைப் பற்றிச் சொல்வதும் அதுவே. எமது முஸ்லிம் சகோதரர்கள் ‘ரமழான்’ என்று எழுதும்போது அந்த அரபு எழுத்துக்குத்தான் ழகரத்தை வழங்கியுள்ளனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பேருவளையிலும் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். அந்த அரபுத்தமிழைப் பற்றி ஆசிரியருக்கு விளக்கி, ‘பழம்’ என்ற சொல்லைச் சொல்லச் சொன்னோம். அவராலும் முடியவில்லை. கணக்குத் தீர்ந்தது.

மாலையில் அறைக்குத் திரும்பினால் வேறோர் அரபு காத்திருக்கும். “தம்பி, உம்முடையது வானொலி அரபு. அதை வைத்து இங்கே ஒரு பாணும் வாங்க ஏலாது” என்பார் அண்ணர். அவர் பேசுவது வளைகுடாவெங்கும் இந்தியரும் இலங்கையரும் வங்காளிகளும் பிலிப்பினோக்களும் தம்முள்ளும் அரபு மக்களோடும் பேசும் கலப்பு அரபு. அதில் வினைச்சொல் யாருக்காகவும் திரிவதில்லை. நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம். ‘ஃபீ’ என்றால் உண்டு. ‘மாஃபீ’ என்றால் இல்லை. “மாஃபீ முஷ்கில்” என்றால் சிக்கல் ஒன்றுமில்லை. நேராகச் செல் என்பதற்கு ‘சீதா’. அது இந்தியிலிருந்து புகுந்தது. ஆட்களை எண்ணும்போது ‘நஃபர்’. 1990இல் ஸ்மார்ட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிய முதல் ஆய்வுரையை வெளியிட்ட பின்னர் மொழியியலாளர் இதனைத் தனி ஆய்வுப்பொருளாகக் கொண்டுள்ளனர். படித்தவர்கள் சிலர் இதை உடைந்த அரபு என்று நகைப்பதுண்டு. எமக்கு அந்த நகைப்பில் உடன்பாடில்லை. இலக்கணம் கற்க ஒருநாளும் நேரம் கொடுக்கப்படாத மனிதர்கள், உழைத்துக் களைத்த நேரத்தில், தமக்குள் ஆக்கிக்கொண்ட மொழி அது.

ஆனால் அது எழுதப்படுவதில்லை, அங்கேதான் துன்பம். சவூதித் தொழிற் சட்டத்தின்படி ஒப்பந்தங்கள் அரபு மொழியில் இருத்தல் வேண்டும். வேறு மொழிப் பிரதியோடு முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும். அண்ணர் ஓரிரவு பெட்டியின் அடியிலிருந்து பழைய தாள்களை எடுத்து எம் முன் வைத்தார். ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம், அதன் பின்னர் ஆண்டொன்றுக்கு ஒருமாதச் சம்பளம் என்ற சேவைக்காலக் கொடுப்பனவு சரியாகக் கணிக்கப்படுமா என்பது அவரது கவலை. அகராதியோடு இரண்டு இரவுகள் இருந்தோம். தொகையில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் எல்லாத் தாள்களிலும் அவரது தொழில் ‘ஆமில்’, அதாவது கூலித்தொழிலாளி, என்றே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் களஞ்சியப் பொறுப்பாளராக இருப்பவர் அவர். கூலித்தொழிலாளி என்று பதியப்பட்டவர் மனைவி பிள்ளைகளை அழைத்து வைத்திருக்க முடியாது. எப்படிச் சொல்வதென்று தயங்கினோம்.

“தெரியும் தம்பி. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லின்ரை வடிவம் தெரியும்” என்றார் அவர். பின்னர் தாள்களை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தார்.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை, யெமனியர் ஒருவரின் சிறு கடையில் தேன் வாங்கச் சென்றோம். 1990ஆம் ஆண்டு வளைகுடா நெருக்கடியின்போது ஏறத்தாழ எட்டு இலட்சம் யெமனியர் சவூதியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும் பின்னர் பலர் திரும்பி வந்தனர், பத்தாவில் இன்றும் அவர்களைக் காணலாம். சிறிய போத்தல் உண்டா என்று கேட்டோம். “மாஷீ” என்றார் கடைக்காரர். எகிப்திலும் சிரியாவிலும் ‘மாஷீ’ என்றால் ‘ஆகட்டும், சரி’ என்று பொருள். நடத்தல் என்ற வினையடியிலிருந்து வந்தது. ஆகவே எடுத்துத் தருவார் என்று ஒதுங்கி நின்றோம். நாலைந்து பேர் வந்து வாங்கிச் சென்றனர். மீண்டும் கேட்டோம். மீண்டும் “மாஷீ”. இம்முறை சற்று எரிச்சலோடு. அண்ணர் சிரித்துக்கொண்டே எமது கையைப் பிடித்து இழுத்தார். “இல்லையெண்டு சொல்லுறார். யெமன்காரருக்கு மாஷீ எண்டால் இல்லை.”

கடைத்தெருவின் இரைச்சல் எமக்குக் கேட்கவில்லை. முந்தைய இலையுதிர்காலத்தில் ஆலோசனை நிலையத்தில் எமது மேசைக்கு எதிரே இருந்த யெமனிய முதியவரின் முகமே கண்முன் நின்றது. அடையாள ஆவணங்கள் உண்டா என்ற வினாவை நாம்தான் அவருக்கு அரபில் கேட்டோம். “மாஷீ” என்றார். “சரி என்கிறார்” என்று நாம்தான் சொன்னோம். ஆவணங்களைக் கொண்டுவருவார் என்று எழுதப்பட்டது. நாம் புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், தருவதாகச் சொன்ன ஆவணங்களை அவர் தரவில்லை என்று கடிதம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பாவம், மறதிக்காரர் என்று எண்ணியிருந்தோம்.

எமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்று பொருள். பேசுவதற்கு நாம் ‘கதைத்தல்’ என்போம். எண்பதுகளில் எம்மவர் ஒருவர், இராணுவத்தினர் வீடு புகுந்து தம் தந்தையைப் பேசியதாகச் சொன்னதை, தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ‘உரையாடினர்’ என்று மாற்றிவிட்டார் என எமது வீட்டில் எத்தனையோ முறை கசப்போடு சொல்லிக் கேட்டிருக்கின்றோம். அந்த மொழிபெயர்ப்பாளர் தீயவர் அல்லர். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அவரது குறையாயிற்று.

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னோம். அவர் ஒரு தாளில் ‘இப்போது’ என்ற ஒரே சொல்லை எழுதத் தொடங்கினார். நூல்வழக்கில் அல்ஆன், சிரியாவில் ஹல்ல, எகிப்தில் தில்வக்தி, றியாத்தில் அல்ஹீன், யெமனில் தல்ஹீன், அவரது சூடானில் ஹஸ்ஸ. அகதியை விசாரிப்போர் இதனை அறியாதவர்களும் அல்லர். சுவிஸ் அரசு 1997 முதல் வழக்குமொழியைக் கொண்டு பிறப்பிடத்தை ஆராயும் தனிப்பிரிவை வைத்துள்ளது. ஜேர்மனியில் 2017 முதல் அரபு வழக்குகளைப் பிரித்தறியக் கணினியும் பயன்படுத்தப்படுகின்றது. இத்தகைய ஆய்வில் அவதானம் தேவை என்று மொழியியலாளர் 2004இலேயே நெறிமுறைகளை வெளியிட்டனர். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று அறிய வழக்குமொழியை இத்தனை நுணுக்கமாகக் கேட்பவர்கள், அவர் என்ன சொல்கின்றார் என்று அறிய மட்டும் எம்மைப் போன்ற எவரையும் அமர்த்திக்கொள்கின்றனர்.

ஜேர்மனிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் ஆலோசனை நிலையத்துக்குச் சென்றோம். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பிழை எம்முடையது, அந்த முதியவருடையது அன்று என்று ஒப்பமிட்டுக் கொடுத்தோம். அதனை அவரது சட்டத்தரணி உரிய இடத்துக்கு அனுப்பினார். அவரிடம் ஆவணங்கள் இல்லை. வீடு குண்டுவீச்சில் எரிந்தபோது அவையும் எரிந்தன. இதனை அன்றே அவர் ஒரு சொல்லில் சொல்லியிருந்தார்.

மறு விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. யெமனைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைக்குமாறு கேட்டு அதற்கும் ஒரு கடிதம் எழுதினோம். முதியவர் எம்மையும் வருமாறு கேட்டிருந்தமையால் அன்று சென்றோம். உள்ளே அழைத்தபோது அவர் மட்டும் சென்றார். நாம் வெளி வாங்கில் அவரது குளிரங்கியை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தோம்.