கண், காது, கணுக்கால்

செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். பெரிய சிரமம் இராது. இப்போது கண்ணை மூடுங்கள். சில நொடிகளில் கணுக்கால் தள்ளாடும். கை எதையாவது பிடிக்கத் துழாவும். நிமிர்ந்து நிற்பதில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று அப்போது புரியும்.

இன்னும் இரண்டு பங்காளிகள் உண்டு. ஒன்று, உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் அசையும் திரவம் தலை சுழல்வதை உணர்த்துகிறது. பக்கத்திலிருக்கும் இரண்டு பைகளில் படிந்த நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் தலையின் சாய்வை உணர்த்துகின்றன. இன்னொன்று, தசையிலும் மூட்டிலும் பாதத் தோலிலும் உள்ள உணர்விகள். முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது குனிந்து பார்க்காமலே நமக்குத் தெரிவது இவற்றால்தான்.

இந்த மூன்றில் எதை அதிகம் நம்புவது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஜிம்னாஸ்டிக்ஸின் பேலன்ஸ் பீம் 10 சென்டிமீட்டர் அகலமே கொண்டது. வீராங்கனை பார்வையை அதன் முனையில் நிறுத்திக்கொண்டு, விளிம்பைப் பாதத்தால் உணர்ந்து நடக்கிறார். 10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கும் டைவிங் வீரருக்கோ காற்றில் பாதம் உதவாது. கரணமடிக்கும்போதே தண்ணீரைக் கண்ணால் பிடித்து, உடம்பை எப்போது விரிப்பது என்று கணிக்கிறார். அசையாத நீரின் மேற்பரப்பு கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. போட்டிக் குளங்களில் நீரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிச் சலனப்படுத்துவது அதற்காகத்தான்.

பனித்தரையில் சுழலும் ஸ்கேட்டிங் வீரர் சட்டென நின்றாலும், காதுக்குள் திரவம் உடனே நிற்பதில்லை. 'இன்னும் சுற்றுகிறாய்' என்கிறது காது. பல ஆண்டுப் பயிற்சியில் அந்தப் பொய்ச் செய்தியை அடக்கிவைக்க மூளை பழகிவிடுகிறது.

பழகிய மூளையும் சில நேரம் தடுமாறும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், வால்ட் என்னும் தாவல் பிரிவில், காற்றில் உடம்பை இரண்டரை முறுக்கு முறுக்கத் தாவி, ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. குழுப் போட்டியிலிருந்து விலகியவர், சில நாள் கழித்து முறுக்கே இல்லாத இறக்கத்தோடு பீமில் வெண்கலம் வென்றார்.

சாதாரண கணுக்கால் சுளுக்கிலும் இதே கதைதான். தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்விகளும் பழுதாகின்றன. வீக்கம் வடிந்த பிறகும் அதே கால் மறுபடி மடங்க இதுவும் ஒரு காரணம். வலி போனதும் ஓடத் துடிக்கும் ஆட்டக்காரரை பிசியோதெரபிஸ்ட் முதலில் ஒற்றைக் காலில் நிற்க வைப்பார். பிறகு ஆடும் பலகையில். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு.