அணையாத விளக்கு

மாணவ மாணவியரே, குருதி ஓடும் குழாய்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நம் உடலில் நிணநீர் என்னும் மற்றொரு நீரும் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. 1622ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, உணவுண்டு சிறிது நேரமே ஆன ஒரு நாயை அறுத்து ஆராய்ந்தார். குடலை ஒட்டி வெண்ணிற இழைகள் தென்பட்டன. நரம்புகளோ என்று ஐயுற்று ஒன்றைக் கீறினார். பால் போன்ற நீர் வழிந்தது. உண்ட உணவின் கொழுப்பே அக்குழாய்களுக்கு வெண்மை ஊட்டிக் காட்டிக்கொடுத்தது. கண்ணுக்குப் புலப்படாததைக் காண அதற்கு ஒரு நிறம் வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

இக்குழாய்களின் இடையிடையே அவரை விதை போன்ற முடிச்சுகள் உள்ளன. புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் இவற்றில்தான் முதலில் தங்குகிறது. முடிச்சு பருத்திருந்தால் நோய், சிறுத்திருந்தால் நலம் என்று படங்களைப் பார்த்து முடிவு செய்வது வழக்கம். அளவோ நம்பத்தக்க சாட்சி அன்று. சிறிய முடிச்சிலும் நோய் ஒளிந்திருக்கலாம். சாதாரணக் கிருமியாலும் முடிச்சு வீங்கலாம். நோயற்ற முடிச்சுகளை வீணே அகற்றினால், நிணநீர் வழியின்றித் தேங்கிக் கையோ காலோ ஆயுள் முழுவதும் வீங்கிக் கிடக்க நேரலாம். நோயுற்றதை விட்டுவைத்தாலோ உயிருக்கே கேடு.

இங்கேதான் காந்தப் படம் துணைக்கு வருகிறது. எம்.ஆர்.ஐ. என்று நாம் கூறும் அக்கருவி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் எழுப்பும் மெல்லிய வானொலி அலைகளைக் கொண்டு படம் வரைகிறது. மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைச் சர்க்கரை போன்ற டெக்ஸ்ட்ரான் என்னும் பொருளால் போர்த்தி நரம்பூசி வழியே செலுத்துகிறார்கள். ஏறத்தாழ ஒரு நாளில் அவை நிணநீரோடு முடிச்சுகளை அடைகின்றன. அங்குள்ள காவல் உயிரணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. இரும்பு அருகிலுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், நலமுள்ள முடிச்சு படத்தில் கறுத்துப்போகிறது. புற்றணுக்கள் இரும்பை விழுங்குவதில்லை. அவை குடிபுகுந்த இடம் வெளுப்பாகவே நிற்கிறது.

தலைமையாசிரியனாக இருந்தபோது நான் இரவில் மாணவர் விடுதியைச் சுற்றி வருவதுண்டு. மணி அடித்ததும் அறைதோறும் விளக்கு அணையும். எந்த அறையில் அணையவில்லையோ அங்கே ஏதோ கோளாறு என்று அறிவேன். இதுவும் அத்தகையதே.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கொண்ட 80 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2003இல் வெளியாயிற்று. நோயுற்ற முடிச்சுகளுள் நூற்றுக்கு 71 அளவில் சிறியவை. பழைய அளவுகோலுக்குத் தப்பியவை. இரும்புத் துகள்களோ, முடிச்சுகளில் நோய் பரவியிருந்தோர் அனைவரையும் இனங்காட்டின.

எனினும், அணையாத விளக்கெல்லாம் குற்றமன்று. தழும்போ கொழுப்போ உள்ள இடமும் கறுக்காமல் நிற்கலாம். இம்மருந்துக்கு ஐரோப்பாவில் அனுமதி கோரிய விண்ணப்பம் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. உருவத்தின் பருமனைக் கண்டு முடிவு கட்டாமல், உள்ளே நிகழும் செயலை ஆராய்ந்து முடிவு செய்யும் இந்நெறி மருத்துவர்க்கு மட்டுமன்று, மாணவர்க்கும் உரியதே.