தெருவுக்கு வரும் கேஸ் குழாயும் நிலத்துக்குள் வரும் கேஸ் குழாயும்

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் சாலையோரம் பள்ளம் தோண்டினால் குடிநீருக்கா, பாதாளச் சாக்கடைக்கா என்றுதான் முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது கேஸ் குழாயும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீடுகளுக்குப் போகும் இந்தக் குழாய் பொதுச் சாலையின் அடியில்தான் செல்கிறது. விநியோக உரிமத்தைப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் தருகிறது. சாலையை வெட்ட மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். பட்டா நிலத்துக்கு இதில் வேலையில்லை.

எண்ணூர் எல்என்ஜி முனையம் போன்ற இடங்களிலிருந்து மாவட்டம் மாவட்டமாகக் கடந்து போகும் பெரிய குழாயின் கதை வேறு. அது தனியார் வயலுக்கு அடியிலும் போகும். அதற்கென்று 1962-ல் போடப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் போகும் பட்டையில் பயன்பாட்டு உரிமை மட்டும் அரசுக்கோ நிறுவனத்துக்கோ போய்விடும். பிறகு அங்கே பயிர் செய்யலாம். ஆனால் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. தென்னை வைத்திருப்பவருக்கு இதன் அர்த்தம் உடனே புரியும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்ட விவசாயிகள், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயை எதிர்த்ததும் இதனால்தான். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றது 2013-ல் தமிழக அரசு. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மாநில அரசாலேயே பாதையை மாற்ற முடியாதபோது, தனி ஒருவருக்கு மிஞ்சுவது என்ன?

21 நாள். நிலம் தேவை என்று அரசிதழில் அறிவிப்பு வந்ததும், அந்தக் கெடுவுக்குள் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். நேரிலோ வக்கீல் வைத்தோ வாதாடலாம். மனுவில் சர்வே எண், பட்டா நகல், கிணறு, மரங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. சட்டத்தின் 7-வது பிரிவு கையிலிருக்கும் நல்ல ஆயுதம்: குடியிருப்பாகப் பயன்படும் நிலம், ஏற்கெனவே நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலம், வீட்டை ஒட்டிய இடம் ஆகியவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது, ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் எங்குமே போடக் கூடாது.

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் நிலம் வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஊரில் அறிவிப்பு வந்ததே தெரியாமல் கெடு ஓடிவிடும். சரணாலயம், சூழல் முக்கியத்துவமுள்ள பகுதி வழியே போகாத குழாய்க்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவதில்லை. எனவே அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்காது; அந்த வழியாகவும் செய்தி எட்டாது. புதிதாக நிலம் வாங்குபவர்கள் பத்திரத்தை மட்டும் பார்க்காமல், நிலத்தில் இறங்கி நடந்து, கேஸ் குழாயின் அடையாளக் கல்லோ எச்சரிக்கைப் பலகையோ நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பயன்பாட்டு உரிமைக்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு, அறிவிப்பு நாளன்று இருந்த சந்தை மதிப்பில் வெறும் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனியாகக் கணக்கு உண்டு. தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். கேரளத்தில் 2017-ல் முக்கம் பகுதியில் கெயில் குழாயை எதிர்த்துப் போராட்டம் வெடித்த பிறகு, மாநில அரசே தொகையை உயர்த்த இறங்கி வந்தது. சட்டத்தில் இருப்பது உச்சவரம்பு என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

குழாயைப் பற்றிய பயம் வீண்பயம் அல்ல. 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திரத்தில் ‘நகரம்’ என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரப்பதமுள்ள வாயு ஓடி, குழாய் அரித்துப்போயிருந்தது.

தெருக் குழாய்க்கு எமன் பெரும்பாலும் ஜேசிபிதான். எதைத் தோண்டினாலும் முன்கூட்டியே தகவல் சொல்ல ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்தது. உங்கள் தெருவில் பள்ளம் எடுக்கும் ஒப்பந்ததாரர் அதில் பதிந்தாரா, சாலை வெட்டும் அனுமதி கையில் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். காட்டவில்லை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அனுமதியின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும் வாங்கலாம்.