சிறு கட்டை – பெரும் படைப்பு

விளையாட்டுப் பருவம் என்று ஒன்றைத் தனியே வகுத்து வைத்திருக்கிறோம். அப்பருவம் கடந்தபின் ஒருவர் பொம்மையைக் கையில் எடுத்தால், "இன்னும் சிறுபிள்ளைத்தனம் போகவில்லையே!" என்று நகைக்கிறோம். ஆனால் உலகின் பல நாடுகளில் பொறியாளர், ஆசிரியர், அறிவியலார் எனப் பலதரப்பட்ட பெரியவர்கள், அன்றாட அலுவல் முடிந்தபின் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிப் புதுப்புது உருவங்களைப் படைக்கின்றனர் என்றால் நம்புவீர்களா, தோழியரே? அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்குதானா? நாம் அதில் கற்றுக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா? சற்றுக் காண்போம்.

இக்கட்டைகள் பிறந்த இடம் டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 1949-இல் அங்குப் பிளாஸ்டிக் கட்டைகள் செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் முன்னரே உருவாக்கியிருந்த கட்டைகளே அவற்றுக்கு முன்மாதிரி. எனினும் அக்கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. 1958-இல் கட்டையின் உட்புறத்தில் சிறு குழாய்களை அமைத்தனர். ஒரு கட்டையின் மேலுள்ள குமிழ்கள், அடுத்த கட்டையின் குழாய்களுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து இறுகிக்கொள்கின்றன. பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். வேண்டாதபோது கையாலேயே பிரித்துவிடலாம். 1958-இல் செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பது வியப்பன்றோ!

எட்டுக் குமிழ்கள் உள்ள கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை எத்தனை விதமாக இணைக்கலாம்? நூறு, ஆயிரம் என்று எண்ணத் தோன்றும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணைகொண்டு கண்ட விடை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765! கட்டைகள் ஒரே நிறமாயிருக்கும்போதே இத்தனை வழிகள். ஆறு கட்டைக்கே இவ்வளவு என்றால், ஆயிரம் கட்டைகள் கையிலிருப்பவரின் கற்பனைக்கு எல்லை ஏது?

பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்துக் கட்டுவது ஒன்று. படமே இல்லாத ஒன்றைத் தாமே எண்ணிக் கட்டுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் இவ்வன்பர்கள் பெரிதும் விரும்புகின்றனர். 'என் சொந்தப் படைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அதை 'எம்.ஓ.சி.' என்று அழைக்கின்றனர். சிறு வயதில் விளையாட்டை விட்டுப் பெரியவர்களான பின் மீண்டும் அதற்குத் திரும்பியவர்கள் அவர்களில் பலர். இடையில் விட்டிருந்த ஆண்டுகளை 'இருண்ட காலம்' என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவார்கள்.

இப்படைப்புக்குக் கற்பனை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லி மீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லி மீட்டர். மெல்லிய தட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லி மீட்டர். ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லி மீட்டர். இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16 மில்லி மீட்டர்! ஆகவே குமிழ்கள் பக்கவாட்டில் இருக்குமாறு கட்டைகளைத் திருப்பியும், இடைவெளி விழாமல் பொருத்த முடிகிறது. வீட்டுச் சன்னலின் ஓரங்களும் கப்பலின் வளைவும் அழகுற அமைவது இத்தகைய நுட்பங்களாலேயே. கட்டையை வெட்டுவதும் பசை தடவி ஒட்டுவதும் முறையன்று என்பது அவர்களுள் பெரும்பாலோரின் கொள்கை. எல்லைக்குள் நின்று சாதிப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

சரி, கண்டுபிடித்ததை மற்றவரோடு எவ்வாறு பகிர்வது? நம் கோலத்தை நினைத்துப் பாருங்கள். '15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி' என்று குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தால், புள்ளி வைக்கும் முறை அடுத்த தெருத் தோழிக்கும் விளங்கிவிடும் அல்லவா? அதுபோன்றதொரு குறிப்பு முறையைக் கட்டைகளுக்கு வகுத்துத் தந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். அவர் 1995-இல் 'எல்டிரா' என்னும் கணினி நிரலை உருவாக்கினார். அதில் ஒரு கட்டைக்கு ஒரு வரி. எந்த நிறம், எந்த இடம், எப்பக்கம் திரும்பியிருக்கிறது, கட்டையின் எண் என்ன என்பன அவ்வரியில் அடங்கும். எட்டுக் குமிழ்க் கட்டையின் எண் 3001. அவ்வரிகளைப் பெறும் எவரும், எந்நாட்டினராயினும், அதே உருவத்தைத் தம் வீட்டில் கட்டலாம். இந்நிரலை அவர் எவரிடமும் காசு வாங்காமல் வழங்கினார். 1997-இல் இளமையிலேயே அவர் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. தன்னார்வலர்கள் புதிய கட்டைகளை வரைந்து சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றனர். மனிதர் மறைந்தாலும் மனமுவந்து கொடுத்தது மறைவதில்லை.

இவ்வன்பர்களில் சிலர் வரைபடத்தை இலவசமாகத் தருவர்; சிலர் விலைக்குத் தருவர். எப்படியாயினும், பிறர் கண்ட நுட்பத்தைக் கையாண்டால் அவர் பெயரைச் சொல்லிவிடுவதே அவர்களிடையே மரியாதை.

ஒருவரின் படைப்பு அனைவருக்கும் உரியதாவதற்கு மற்றொரு வழியும் உண்டு. 'லெகோ ஐடியாஸ்' என்னும் திட்டத்தில் ஒரு மாதிரிக்கு 10,000 பேரின் ஆதரவு கிடைத்தால், நிறுவனம் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும். தேர்வு பெறுபவை சிலவே. ஸ்டாக்ஹோமில் வாழ்ந்த புவிவேதியியல் அறிஞர் எல்லன் கூய்மன், பொம்மைப் பெட்டிகளில் பெண் உருவங்கள் குறைவாக இருப்பதைக் கவனித்தார். குறை கூறுவதோடு நிற்காமல், ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் பெண்களைத் தாமே வடிவமைத்து முன்வைத்தார். 2014-இல் அது விற்பனைக்கு வந்தது. வானியலார் ஒருவர், தொல்லுயிர் ஆய்வாளர் ஒருவர், வேதியியலார் ஒருவர், மூவரும் பெண்கள்! பின்னர் 2017-இல், மாயா வைன்ஸ்டாக் என்ற எழுத்தாளரின் முயற்சியால், நாசாவின் பணிகளில் பங்காற்றிய நான்சி கிரேஸ் ரோமன், மார்கரெட் ஹாமில்டன், சாலி ரைடு, மே ஜெமிசன் ஆகிய நால்வரும் விளையாட்டுக் கட்டைகளிடையே இடம் பெற்றனர். பொம்மைப் பெட்டியைத் திறக்கும் ஒரு சிறுமி, "நானும் தொலைநோக்கியின் முன் நிற்கலாம்" என்று எண்ணுவாளானால், அது சிறிய பயனா?

தோழியரே! விலையுயர்ந்த கட்டைகள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். அதனால் என்ன? தீப்பெட்டிகளும் அட்டைத் துண்டுகளும் களிமண்ணும் நமக்குக் கிடைக்காதவையா? கையிலுள்ளதைக் கொண்டு புதியதொன்றைச் செய்வோம். பிறர் புரிந்துகொள்ளும்படி அதை அளந்து எழுதி வைப்போம். பக்கத்திலிருப்பவளுக்கும் அதை மகிழ்வோடு கற்றுக்கொடுப்போம்.